கஞ்சி ஊட்டவும் ஒரு படிப்பு உண்டு

லண்டன்

மங்கலம்பேட்டை உறவுகளுக்கு,

"டாக்டர் கையை விரிச்சுட்டாரு, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்." ஊரிலிருந்து இப்படிப் போன் வந்தால் அடுத்த பேச்சு எழுவதில்லை. பெரியம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் முற்றியபோது எங்கள் வீட்டிலும் இதே கதை. விருத்தாசலம், பாண்டிச்சேரி என்று அலைந்து ஓய்ந்திருந்தார்கள். ஆனால் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைக்கு அப்போதுதான் வேலையே அதிகம். அதைச் செய்கிறவர்களில் பலர் டாக்டர்கள் அல்லர்.

பெரியம்மாவைப் படுக்கவைத்தே கஞ்சி ஊட்டினார்கள். கரண்டிக்குக் கரண்டி புரையேறியது. இங்கே பேச்சு, விழுங்குதல் பயிற்சியாளராக இருக்கும் தோழி வீடியோவில் பார்த்தார். முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னார். அரை டீஸ்பூன் போதும், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்தது, சாப்பிட்டதும் படுக்க விடக்கூடாது என்றார். கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்கலாம் என்பதையும் பெரியம்மா விழுங்குவதைப் பார்த்தே சொன்னார். அது ஆளுக்கு ஆள் மாறுமாம். புரையேறுவது குறைந்தது. பெரியம்மா சாப்பாட்டைப் பார்த்துப் பயப்படுவதும் குறைந்தது.

மார்பகப் புற்றுநோய்க்குப் பின் வீங்கும் கைக்கு விரலிலிருந்து மேல்நோக்கிக் கட்டுப்போடவும், மூச்சு வாங்கும்போது எப்படிச் சாய்ந்து உட்கார்வது என்று காட்டவும் பிசியோதெரபிஸ்ட் வேண்டும். உதவித்தொகைக்கு மனு எழுதவும், குடும்பத்தின் மனச்சுமையைக் கேட்கவும் சமூகப் பணியாளர் வேண்டும்.

ஆதரவுச் சிகிச்சைக்கு அடித்தளமிட்ட சிசிலி சாண்டர்ஸே முதலில் நர்ஸ், பிறகு இந்த ஊர் மருத்துவமனையில் சமூகப் பணியாளர். 1948-ல் அவர் கவனித்த டேவிட் தாஸ்மா என்ற அகதி, சாகும்முன் அவருக்கு 500 பவுண்டு எழுதிவைத்தார். சாண்டர்ஸ் அதன்பிறகுதான் டாக்டருக்குப் படித்தார். 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் திறந்தார். உடம்பு, மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததே நோயாளியின் வலி என்றவர் அவர். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்ட வேலைதான் அதைக் கற்றுக்கொடுத்தது என்று நான் நம்புகிறேன்.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆதரவுச் சிகிச்சை நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருகிறார்கள். பெரிய காரியம் இது. விழுங்குதல் பயிற்சியாளரையும் சமூகப் பணியாளரையும் அந்தக் குழுவில் அரசு சேர்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது படுக்கையில் இருந்தால், கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸையும் பிசியோதெரபிஸ்டையும் அனுப்பச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.