பனிமலைக்கு ஒரு டர்போ

ஐஸ் பெட்டியிலன்றி வேறெங்கும் பனிக்கட்டியைக் கண்டறியாத நாம், பனிமலை ஏறும் வண்டி ஒன்றைப் பற்றித் தீர்ப்புக் கூற நேர்ந்தது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்தது இது. திருமுல்கேரியில் மழை ஓய்ந்துவிட்டது. நம் வீட்டு மாடியறைக் கூரை எவ்வெவ்விடங்களில் ஒழுகும் என்பதைக் குறைவின்றிக் காட்டிவிட்டுத்தான் ஓய்ந்தது. கூரையை மாற்றுவதற்குக் கனடாவிலுள்ள நம் தம்பி பணம் அனுப்புவதென்று ஏற்பாடு. அதைப் பற்றியே பேசப் போகிறான் என்றெண்ணித் தொலைபேசியை எடுத்தோம். "அண்ணா, கூரைப் பணத்தைக் கொஞ்சம் தள்ளி அனுப்பட்டுமா? என் வண்டிக்கு டர்போ போட வேண்டும்" என்றான்.

தம்பி கால்கரி நகரில் ஒரு தொழிற்கூடத்தில் பணிபுரிகிறான். குளிர்காலத்தில் விடுமுறை கிடைத்தால் மேற்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் சென்று, ரெவல்ஸ்டோக் மலைகளில் ஸ்நோமொபைல் ஓட்டுவான். வாசகர்களுள் பலர் அவ்வண்டியைக் கண்டிருக்கமாட்டார்கள். முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்புறம் சக்கரத்திற்குப் பதிலாக நீண்டதோர் ரப்பர்ப் பட்டை. மலைக்கென்றே செய்யப்படும் வகையில் பட்டை இன்னும் நீளம், அதன் பற்களும் பெரியவை. ஆழ்ந்த பொடிப்பனியிலும் அமிழாமல் ஏறிச் செல்லும். நம் தம்பியுடையது 850 சி.சி. எஞ்சின், 165 குதிரைத்திறன். நம் தெருவில் நிற்கும் கார்கள் பலவற்றுக்கு அத்துணைத் திறன் கிடையாது.

"இதற்குமேல் திறன் எதற்கடா?" என்றோம்.

"165 என்பது கடல்மட்டத்துக் கணக்கு அண்ணா. மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடுகிறது."

அவன் கூறியது மெய். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் எஞ்சின் தன் திறனில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கை இழக்கும் என்பது பொதுக்கணக்கு. 2,100 மீட்டர் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 165 என்பது 130-ஐ ஒட்டி இறங்கிவிடும். வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதைக்கொண்டு காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவதே டர்போ. மலை பறித்துக்கொண்ட காற்றை அது மீட்டுத் தருகிறது.

இஃது நமக்குப் புதிதன்று. ஒரு டீசல் எஞ்சின் ஷெட்டின் பண்டகசாலையில் சில ஆண்டுகள் எழுத்தராக இருந்தவர்கள் நாம். மெட்ரிக் படிப்புடன் நின்றவரே ஆயினும், பேரேட்டில் எழுதும் பொருள் இன்னதென்று கேட்டறியாமல் எழுதியதில்லை. 1962-இல் அமெரிக்காவிலிருந்து வந்து, பின்னர் வாரணாசியில் செய்யப்பட்ட டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின் 2,600 குதிரைத்திறன் உடையது. பிற்காலத்தில் அதே அமைப்பை 3,100-க்கு உயர்த்தி டபிள்யூ.டி.எம்.-3ஏ ஆக்கினார்கள். அந்த 500 குதிரைத்திறன் சிறந்த டர்போ ஒன்றினால் மட்டும் வந்ததன்று. பிஸ்டன் மாறியது; எரிபொருள் பம்பு மாறியது; காம் ஷாஃப்ட் மாறியது; அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கலமும் பெரிதாயிற்று.

இவற்றையெல்லாம் தம்பிக்கு எடுத்துரைத்தோம். அழுத்திய காற்று சூடேறும். எரிபொருள் நேரந்தவறி வெடித்தால் பிஸ்டன் துளைபட்டுப் போகும். உயர்தரப் பெட்ரோல் வேண்டும். கிளட்சின் எடைகளை மாற்றி அமைக்க வேண்டும். எஞ்சினுக்குக் கம்பெனி தரும் உத்தரவாதமும் போய்விடும். ஸ்கி-டூ கம்பெனி 2020-ஆம் ஆண்டு மாதிரியில் தானே டர்போ பொருத்திய மலைவண்டியை விற்கத் தொடங்கிவிட்டது. 8,000 அடி உயரம்வரை 165 குதிரைத்திறன் குறையாது என்பது அதன் உறுதி. போலாரிஸ் கம்பெனியும் 2022 மாதிரியில் அவ்வழியே வந்துவிட்டது. அவர்கள் டர்போவுக்கென்றே எஞ்சினை அமைத்திருக்கிறார்கள். நீ பழைய எஞ்சினில் புதுச்சுமையை ஏற்றப் பார்க்கிறாய் என்றோம். தம்பி "யோசிக்கிறேன் அண்ணா" என்று கூறி வைத்துவிட்டான்.

அடுக்களையிலிருந்து இல்லாள் கேட்டாள்: "கூரைக்காகத்தானே இவ்வளவு விஞ்ஞானமும்?"

மறுமொழி கூற இயலவில்லை. நாம் சொன்னவற்றுள் பொய் ஒன்றுமில்லை. ஆயினும் கூரைக்குப் பணம் தேவைப்படாதிருந்தால் அவற்றுள் எத்தனையைச் சொல்லியிருப்போம்?

அன்றிரவு அவன் செல்லும் மலைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். ரயில்வேக்காரனின் கண் முதலில் ரயில் பாதையில்தானே விழும்? ரெவல்ஸ்டோக்கிற்குக் கிழக்கே ரோஜர்ஸ் கணவாய் இருக்கிறது. 1910-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் இரவு, கனடியன் பசிபிக் ரயில்வேயின் தொழிலாளர்கள் ஒரு பனிச்சரிவு மூடிய பாதையைத் தோண்டிக் கொண்டிருந்தனர். அப்பொழுது எதிர்ப்புற மலையிலிருந்து மற்றொரு சரிவு இறங்கியது. 58 பேர் மாண்டனர். அவர்களுள் 32 பேர் ஜப்பானிலிருந்து பிழைக்க வந்த கூலிகள். அதன்பின் கம்பெனி மலைக்கு அடியில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ச் சுரங்கம் குடைந்து, 1916-இல் பாதையைக் கணவாயிலிருந்தே அகற்றிக்கொண்டது. பிழைக்க வந்த அந்த 32 பேரின் வீடுகளிலும் கூரைக்குப் பணம் எதிர்பார்த்திருந்தவர்கள் இருந்திருப்பர் அல்லவா என்று தோன்றியது. அதற்குமேல் படிக்கச் சற்று நேரமாயிற்று.

2010 மார்ச் 13-இல் ரெவல்ஸ்டோக் அருகிலுள்ள போல்டர் மலையில் ஸ்நோமொபைல்காரர்கள் கூடியிருந்த இடத்திலேயே சரிவு விழுந்து இருவர் இறந்தனர், பலர் காயமுற்றனர். 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளே பெரும்பாலும் உடைந்து இறங்குபவை என்கிறார்கள். திறன் குன்றிய வண்டி அத்தகைய சரிவின் பாதியிலேயே திணறி நின்றுவிடும். டர்போ பூட்டிய வண்டியோ உச்சிவரை ஏறிவிடும். பிஸ்டன் துளைபடுவதைப் பற்றி அத்தனை நேரம் பேசிய நாம் இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

அம்மாவிடம் இதைக் கூறவில்லை. அவருக்குப் பனி என்றால் சியாச்சின்தான். 2016 பிப்ரவரியில் சோனம் காவல்நிலையில் மதராஸ் ரெஜிமெண்ட் வீரர் பதின்மர் பனியில் புதையுண்ட செய்தி வந்தபோது, அவர்களுள் தமிழரும் இருந்தமையால், பட்டாளத்து ஊராகிய நம் திருமுல்கேரியில் பல வீடுகளில் பேச்சே எழவில்லை.

மறு ஞாயிறன்று நாமே தம்பியை அழைத்தோம். அவன் குறுக்கிடாமல் கேட்டான். பிறகு, "அண்ணா, நாங்கள் ஐந்து பேர் போவோம். மற்ற நால்வருக்கும் டர்போ இருக்கிறது. அவர்கள் மேலே போய்விடுவார்கள். நான் கீழே காத்திருப்பேன். வாரம் முழுவதும் யாருடனும் பேச்சில்லை. அங்கே போயும் தனியாகத்தான் நிற்கிறேன்" என்றான்.

கால்கரிக்குச் சென்ற ஆறாண்டுகளில் அவன் இப்படிப் பேசியதே இல்லை. பணம் அனுப்புவான், அம்மாவின் மருந்தைப் பற்றிக் கேட்பான், வைத்துவிடுவான். அவன் திறனைக் கேட்கவில்லை, துணையைக் கேட்டிருக்கிறான் என்பது அப்பொழுதே விளங்கிற்று. அந்தத் துணைவர்களோ சரிவின் உச்சியில் இருக்கிறார்கள். பனிமலையில் தனித்து நிற்பதும் ஆபத்தே. புதையுண்டவரைப் பத்து நிமிடத்திற்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பர். அரைமணி கடந்தால் பிழைப்பவர் சிலரே. தோண்டுவதற்கு ஆள் அருகில் வேண்டுமன்றோ?

ஆகவே, வேண்டாம் என்று நாம் கூறவில்லை. இந்தக் குளிர்காலத்தில் மட்டும் வேண்டாம் என்றோம். அந்தப் பணத்தில் முதலில் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பில் சேர்வது. புதையுண்டவரைக் கண்டறியும் ஒலிபரப்புக் கருவி, துழாவுகோல், மண்வெட்டி, இழுத்தவுடன் காற்றடைந்து விரியும் முதுகுப்பை ஆகியவற்றை வாங்குவது. எஞ்சியதைத் தன்னிடமே வைத்துக்கொள்வது. கூரை இன்னொரு மழையைத் தாங்கும் என்றோம். உண்மையில் தாங்கவில்லை, 2023 ஜூலையில் மாடியறைப் பாத்திரங்களின் எண்ணிக்கை ஏழாயிற்று.

வகுப்பில் சேர்ந்தான். வண்டியை நிறுத்திவிட்டுச் சரிவைப் பார்த்துக்கொண்டு நிற்க அங்கே கற்றுக்கொடுத்ததாகக் கூறினான். கூட்டாளிகளுள் ஒருவரும் அவனோடு சேர்ந்து கற்றாராம். மற்ற மூவர் சிரித்தனராம்.

2023 டிசம்பரில் ஒரு படம் வந்தது. பழைய வண்டியை விற்றுவிட்டு, கம்பெனியே டர்போ பொருத்திய வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தான். இம்முறை நம்மைக் கேட்கவில்லை. சிறிது வருந்தினோம், பின்பு படத்தைப் பெரிதாக்கி அவன் தோளைப் பார்த்தோம். இடப்புறப் பட்டையில் முதுகுப்பையின் சிவப்புக் கைப்பிடி தெரிந்தது.

அம்மா கண்ணாடியை அணிந்துகொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "காதை மூடிக்கொள்கிறானா?" என்று வினவினார். தலைக்கவசம் காதையும் மூடும் என்றோம். மறு மாதம் கூரைப் பணம் வந்தது. பாதிக் கூரைக்குப் போதுமானதாக இருந்தது.