சிவப்புத் தண்டுப் பாசிகள்

ஒஸ்லோவின் இரண்டாம் எண் மெட்ரோ கிழக்கே எல்லிங்ஸ்ருடோசன் நிலையத்தோடு முடிகிறது. பாறையைக் குடைந்து கட்டிய நிலையம். மேலே ஏறி வந்தால் அடுக்குமாடிக் குடியிருப்புகள், அவற்றைத் தாண்டினால் ஓஸ்ட்மார்க்கா காடு. நுழைவுச்சீட்டு இல்லை, தடுப்புக் கம்பி இல்லை. காடு யாருடைய சொத்தானாலும் அதில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று 1957இலேயே நார்வே சட்டம் இயற்றிவிட்டது. நம்மூரில் வனத்துறை அனுமதிக்காக அலைந்து பழகியவர்களுக்கு இது கொஞ்சம் பொறாமையைத் தரும்.

துணைக்கு வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். பல வருடமாக அந்தப் பக்கத்தில் குடியிருப்பவர், புளூபெரி பறிக்கவும் காளான் தேடவும் இந்தக் காட்டுக்குள் வந்து போகிறவர். பாசி பார்க்கத்தான் வந்தேன் என்றதும் சிரித்துவிட்டார்.

“தம்பி, இஞ்ச எங்க பாத்தாலும் பாசிதான். எல்லாம் ஒண்டுதானே?”

பார்வைக்கு ஒன்றுதான். ஸ்ப்ரூஸ் மரங்களுக்கடியில் மண் தெரியவில்லை. பாறை, விழுந்த மரம், வேர் எல்லாவற்றையும் பச்சை மூடிக் கிடந்தது. குளத்துப் படிக்கட்டில் வழுக்குகிற பாசி வேறு. இது தண்டும் இலையும் உள்ள செடி. உண்மையான வேர் மட்டும் கிடையாது.

நிறத்தை வைத்து இனம் பிரிக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. ஒரே இனம் வெயிலில் மஞ்சளாகவும் நிழலில் கரும்பச்சையாகவும் இருக்கும். காய்ந்தால் சுருங்கி வெளிறும், மழை பட்டதும் விரியும். அதனால் கையில் தண்ணீர் தெளிப்பானும் பத்து மடங்கு லென்ஸும் இருக்க வேண்டும். லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பாசியை அதன் அருகே கொண்டுவர வேண்டும். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள்.

அந்தத் தரையை அதிகம் மூடியிருந்தவை இரண்டு இனங்கள்: ஹைலோகோமியம் ஸ்ப்ளெண்டென்ஸ், ப்ளூரோசியம் ஷ்ரெபெரி. இரண்டுக்கும் தண்டு சிவப்பு, இரண்டும் பக்கவாட்டில் கிளைவிடும். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே வளரும். ஒரு தண்டை மெதுவாக உருவி எடுத்து நனைத்துப் பார்த்தேன். ஹைலோகோமியம் மாடிவீடு போல வளர்கிறது. போன வருடத்து வளர்ச்சியின் நடுமுதுகிலிருந்து இந்த வருடத்துக் கிளை எழும்பி, அதற்கு மேலே தட்டையாக விரிகிறது. கீழே இருப்பது பழுப்பேறி மட்கிக்கொண்டிருக்கும். மாடிகளை எண்ணினால் வயது தெரிந்துவிடும். ப்ளூரோசியத்தில் இந்த அடுக்கு கிடையாது. கிளையும் ஒரே ஒரு முறைதான் பிரியும். ஹைலோகோமியத்தின் கிளையோ மறுபடியும் கிளைத்து நுணுகிப் போகும்.

சந்தேகம் தீராவிட்டால் தண்டைப் பார்க்க வேண்டும். ஹைலோகோமியத்தின் சிவப்புத் தண்டை நுண்ணிய பச்சை இழைகள் அடர்ந்து மூடியிருக்கும். ப்ளூரோசியத்தின் தண்டு வழவழப்பானது, நனைந்த இலைக்குள்ளிருந்தே சிவப்பு பளிச்சென்று தெரியும். இலை நுனியும் காட்டிக்கொடுக்கும். ஹைலோகோமியத்தின் தண்டிலை சட்டென்று குறுகி நீண்ட நெளிந்த நுனியாக முடிகிறது, ப்ளூரோசியத்தின் இலையோ குழிந்து மழுங்கியது.

லென்ஸை வாங்கிப் பார்த்தவர், “ஓம், வித்தியாசம் இருக்குதுதான். ஆனா இதைப் பிரிச்சு என்ன செய்யிறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

வேர் இல்லாததால் இந்தப் பாசிகள் பெரும்பாலும் மழையிலும் காற்றிலும் வருவதைக் கொண்டே வாழ்கின்றன. ஈயம், காட்மியம் போன்றவையும் அப்படியே வந்து படிந்துவிடும். 1960களின் கடைசியில் ஸ்வீடனில் இதைக் கவனித்து, காற்று மாசை அளக்கப் பாசியையே கருவியாக்கினார்கள். 1990 முதல் ஐரோப்பா முழுக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை பாசி சேகரித்துச் சோதிக்கிறார்கள். கடைசி மூன்று வருட வளர்ச்சியை மட்டும் வெட்டி எடுப்பார்கள். அதற்கு ஹைலோகோமியத்தின் மாடிக்கணக்கு வெகு வசதி. பெட்ரோலில் ஈயம் கலப்பது நின்றபின் பாசியிலும் ஈயம் இறங்கியதை இந்தக் கணக்குகள் காட்டின. ஆனால் உலோகத்தைப் பிடித்துவைப்பதில் இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு. இரண்டையும் ஒரே பையில் போட்டால் கணக்குக் குழம்பும்.

ப்ளூரோசியத்தின் கதை வேறு. அதன் குழிந்த இலைக்குள் நாஸ்டாக் என்ற நீலப்பசும் நுண்ணுயிர் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ என்று 2002இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. வயலுக்கு உரம் போட்டுப் பழகிய நமக்கு இது அற்பம். உரமே காணாத வடகாட்டுக்கு இது பெரிய வரவு.

அடுத்துப் பார்த்த டைக்ரானம் என்ற பாசியின் இனங்கள் அவ்வளவு அலைக்கழிக்கவில்லை. இலையில் குறுக்கு நெளிவு இருந்தால் பாலிசீட்டம். நெளிவில்லாமல் நீளமாக ஒரே பக்கம் வளைந்து, ஒரு தண்டிலிருந்து வித்துப்பை தாங்கும் காம்புகள் பல எழுந்தால் மேயஸ். ஒற்றைக் காம்பென்றால் பெரும்பாலும் ஸ்கோபேரியம்.

என்னை அந்த யாழ்ப்பாணத்துக்காரர் வீடுவரை இழுத்துப் போனது பாலிட்ரைக்கம் என்ற பாசி. ஈரப் பள்ளத்தில் சாணுக்கு மேல் உயர்ந்து நிற்பது கம்யூன், சற்றுக் காய்ந்த காட்டுத்தரையில் வருவது ஃபார்மோசம். வித்துப்பை இருந்தால் சுலபம். கம்யூனுடையது குட்டையான சதுரப் பெட்டி, ஃபார்மோசத்துக்கு நீளம் அதிகம். நாங்கள் எடுத்த தண்டில் வித்துப்பையே இல்லை, வளர்ந்த இடமோ பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நடுவில்.

அவருடைய மகள் உயிரியல் படிக்கிறாள், வீட்டில் மைக்ராஸ்கோப் இருந்தது. சமையலறை மேசையில் வைத்து இலையை நனைத்துக் கண்ணாடித் தகட்டில் படுக்கவைத்து, சவர பிளேடால் பொடிப்பொடியாகக் குறுக்கே நறுக்கினாள். பெரும்பாலான துண்டுகள் சாய்ந்து கிடந்தன. நிமிர்ந்து நின்ற ஒன்றில் இலையின் மேற்புறத்துப் பச்சைத் தகடுகள் வரிசையாகத் தெரிந்தன. இலை நெடுக ஓடும் தகடுகள் அவை. பார்க்க வேண்டியது ஒவ்வொரு தகட்டின் உச்சியிலுள்ள செல்லை மட்டும். அது நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் கம்யூன், பள்ளமின்றி உருண்டிருந்தால் ஃபார்மோசம்.

“அப்பா, வந்து பாருங்கோ. பள்ளம் இருக்கு!”

தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு வந்து குனிந்தவர் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

படம் பிடித்துக் கொடுத்தால் பெயர் சொல்லும் கைபேசிச் செயலிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. பூச்செடிக்குச் சரி. பாசியை மேலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டு அது சொல்லும் பெயரை நம்பாதீர்கள். முழுச்செடி, நனைத்த தண்டு, தனி இலை, இருந்தால் வித்துப்பை என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். எந்த மரத்தடி, பாறையா மண்ணா, ஈரமா காய்ந்த இடமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பறிப்பதென்றால் ஒரு தண்டு போதும். பாதுகாக்கப்பட்ட காடானால் அதுவும் வேண்டாம், முழங்காலிட்டு லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு வந்தாலே போதும்.