போரிடாத ஊரில் ஒரு காதல்

சரித்திர நாவல்களில் காதலர்களுக்கு நேரமே கிடைப்பதில்லை. குளக்கரையில் நின்று நாலு வார்த்தை பேசுவதற்குள் முரசு ஒலித்துவிடும். அவன் குதிரையேறிப் போய்விடுவான். ‘சிவகாமியின் சபதம்’, ‘கடல் புறா’ என்று படித்து வளர்ந்த எனக்கு அந்த முரசின் மேல் இன்றும் பிரியம் உண்டு. ஆனால் நான் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் அம்மாயி ஒருநாள் கேட்டது அதைவிட ஆழமாகத் தங்கிவிட்டது. “ஏங்கண்ணு, ராசாக்க சண்டை போடறப்ப மத்த சனமெல்லாம் எங்க போச்சாம்?”

கொங்கு நாட்டில் பிறந்தவள் கேட்க வேண்டிய கேள்விதான். மைசூருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போர்களில் கரூர், ஈரோடு, தாராபுரம், கோவை எல்லாம் மாறி மாறிக் கைமாறின. 1790 ஜூலையில் ஜெனரல் மெடோஸின் படை கோவைக்குள் வந்தது. செப்டம்பரில் சத்தியமங்கலத்தில் பெரும் சண்டை. அடுத்த ஆண்டு நவம்பரில் கோவைக் கோட்டை மறுபடி திப்புவிடம் விழுந்தது. ஒதுங்கி நிற்க ஒரு திண்ணைகூட இங்கே இருந்திருக்காது.

காவிரியோடு கிழக்கே போனால் இருந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் குடியேறிய தரங்கம்பாடி. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சோழமண்டலக் கரையெங்கும் மோதிக்கொண்ட ஏழாண்டுப் போரில் டென்மார்க் எந்தப் பக்கமும் சேரவில்லை. புதுச்சேரி 1761 ஜனவரியில் விழுந்தது. போர் முடியும் முன்பே, 1762இல், ஒரு பிரெஞ்சு அதிகாரியின் மகள் தரங்கம்பாடியில் பிறந்தாள். பெயர் கேத்தரின் வெர்லே. சந்தர்நாகூரில் கிராண்ட் என்ற ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிக்கு வாழ்க்கைப்பட்டாள். 1778இல் கல்கத்தா ஆட்சிக்குழு உறுப்பினர் பிலிப் பிரான்சிஸ் இரவில் ஏணி வைத்து அவள் வீட்டுக்குள் ஏற, வழக்கு நடந்து அவர் 50,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. 1802இல் அதே கேத்தரின் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தாலிராந்தின் மனைவி. ஏணியையும் பாரிசையும் எழுதுவது சுலபம். என் மனம் அவளைப் பெற்றவளிடமே போய் நிற்கிறது. சொந்தக் கொடி இறங்கிவிட்டது. பிள்ளை பிறப்பது யாருடைய சண்டையிலும் சேராத ஊரில். அந்தப் பெண் கடலைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்? நாவல் தொடங்க வேண்டிய இடம் அதுதான் என்று தோன்றுகிறது.

நடுநிலை ஊர் என்றால் அமைதியான ஊர் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே எதிரியின் மனைவி அடுத்த வீட்டுக்காரி. இருவரும் ஒரே மீன்காரியிடம்தான் வாங்கியாக வேண்டும். பிறர் அடித்துக்கொண்ட காலத்தில்தான் தரங்கம்பாடியின் வணிகம் கொழித்தது. கம்பெனி அதிகாரிகள் இந்தியாவில் குவித்த பணம் டேனிஷ் கப்பல்களின் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. அந்த ஊரில் ஒருவனை விரும்பும் பெண், அவன் வீட்டுச் செழிப்பு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்காமல் இருக்க முடியாது. வாளோடு வருபவனை எதிர்ப்பதைவிட, கணக்குப் புத்தகத்தோடு அன்பாக நிற்பவனைக் கேள்வி கேட்பது கடினம். நம் சரித்திரக் காதல்கள் அந்தக் கடினத்தைப் போதுமான அளவு தொடவில்லை என்பது என் வருத்தம்.

இந்த ஊருக்கும் கொங்குக்கும் நடுவே ஒரு மனிதர் நடந்திருக்கிறார். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த, தமிழ் கற்ற ஜெர்மன் பாதிரியார் ஸ்வார்ட்ஸ். 1779இல் சென்னை கவர்னர் அவரை மைசூரின் ஹைதர் அலியிடம் தூதனுப்பினார். அனுமதி வரும்வரை ஹைதரின் எல்லைக் கோட்டையான கரூரில் தங்கினார். பிறகு கஜலட்டிக் கணவாய் ஏறி சீரங்கப்பட்டணம் போனார். தூது பலிக்கவில்லை. மறு ஆண்டே ஹைதரின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. அந்தப் போரிலும் இந்தப் பாதிரியாரை மட்டும் தடுக்காமல் விடும்படி ஹைதர் தன் ஆட்களுக்குச் சொல்லியிருந்தார்.

அவர் கரூரில் காத்திருந்த நாட்களில், அமராவதிக் கரையில் நெசவுக்குப் பாவு போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி அவரது தமிழைக் கேட்டிருக்கலாம். இது கற்பனை, ஆனால் நடக்கக்கூடியது. படை வரும்போது அவள் ஆற்றோடு கீழே போகிறாள். தரங்கம்பாடியின் டான்ஸ்போர்க் கோட்டை நிழலில் சாயத்துணிக்குக் கணக்கு எழுதும் ஒருவனைச் சந்திக்கிறாள். “ஏனுங்க” என்று அவள் பேச்சை ஆரம்பிக்கும்போதே மேற்கிலிருந்து வந்தவள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். 1783இல் ஆங்கிலேயர் கரூரைப் பிடிக்கிறார்கள். 1784 மங்களூர் உடன்படிக்கையில் அது மைசூருக்கே திரும்புகிறது. அவளும் திரும்பலாம். அவன் கணக்கை மூடிவிட்டு வருவானா, இன்னொரு போரின் லாபத்துக்குக் காத்திருப்பானா என்பதை அவள்தான் அவனிடம் கேட்டாக வேண்டும்.

ஸ்வார்ட்ஸ் போன்ற பாதிரியார்கள் எழுதிய தரங்கம்பாடி மிஷன் கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில் பத்திரமாக இருக்கின்றன. கொங்குப் பேச்சு காதில் உள்ள இளைய எழுத்தாளர் ஒருவர் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன்.