துப்பாக்கிக்குப் பூசிய சாம்பல் நிறமும் 1987-இல் நான் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியமும்



மகள் வீட்டுக்கு ஒஹாயோ வந்து இரண்டு மாதம் ஆகிறது. "சார், அமெரிக்காவில் என்ன பார்த்தீர்கள்?" என்று பலரும் கேட்டிருந்தீர்கள். நயாகரா படம் ஏற்கெனவே போட்டுவிட்டேன். இன்று எழுதப்போவது பக்கத்து வீட்டு கார் ஷெட்டில் பார்த்தது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் என் வயதுக்காரர். லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் கொரியப் போரில் எம்1 கேரண்ட் என்ற துப்பாக்கியைச் சுமந்தவராம். அதே வகையில் பழையது ஒன்றை இவர் முறைப்படி வாங்கி வைத்திருக்கிறார். பூச்சு தேய்ந்து, அங்கங்கே துரு. அதைப் பிரித்து, இரும்புப் பாகங்களுக்கு மட்டும் பாஸ்பேட் பூச்சு கொடுக்கப் போவதாகச் சொன்னார். நான் வேதியியல் வாத்தியார் என்று மகள் சொல்லியிருந்ததால், "வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டார்.

துப்பாக்கி என்றதும் எனக்குச் சற்றுத் தயக்கம்தான். ஆனால் பாஸ்பேட் என்ற சொல் இழுத்துவிட்டது.

நம் ஊரில் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் மாணவர்களுக்கு இது புதிதல்ல. பெயின்ட் அடிக்கும் முன் இரும்புத் தகட்டுக்குப் பாஸ்பேட்டிங் செய்வார்களே, அதே குடும்பம். 1906-இல் இங்கிலாந்தில் தாமஸ் காஸ்லெட் என்பவர் இதற்குக் காப்புரிமை கேட்டார். பிறகு அமெரிக்காவில் பார்க்கர் என்பவர் கம்பெனி தொடங்க, 'பார்க்கரைசிங்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைத் துப்பாக்கிகளில் தெரியும் அந்த மங்கலான சாம்பல் நிறம் இதுதான். பளபளப்பு இல்லாததால் வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்காது.

உள்ளே நடப்பது நான் உங்களுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டதுதான். சூடான பாஸ்பாரிக் அமிலக் கரைசல் இரும்பை லேசாக அரிக்கும். ஹைட்ரஜன் குமிழி குமிழியாக வெளியேறும். அரிபட்ட இடத்தை ஒட்டி அமிலத்தன்மை குறையும். குறைந்ததும், கரைசலில் இருந்த மாங்கனீசு பாஸ்பேட் கரைந்திருக்க முடியாமல் அந்த இடத்திலேயே படிகமாகப் படியும். எங்கே கடித்ததோ அங்கேதான் காப்பும் வளர்கிறது. அந்தப் படிகப் படலம் நுண்துளைகள் நிறைந்தது. எண்ணெயைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துருவைத் தடுப்பதில் பாதி வேலை அந்த எண்ணெயுடையது.

டெல்லி இரும்புத் தூணை நினைத்துப் பாருங்கள். 1600 ஆண்டுகள் துருப்பிடித்து அழியாமல் நிற்கிறது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேற்பரப்பில் பாஸ்பேட் படலம் உருவாகிக் காக்கிறது என்று கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார்.

அவர் வேலை செய்த ஒழுங்கைச் சொல்ல வேண்டும். குளிர் நடுக்கியும் ஷெட்டின் பெரிய கதவை முழுக்கத் திறந்தே வைத்தார். ஹைட்ரஜனும் அமில ஆவியும் தேங்கக் கூடாது. சுருள்வில்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்தால் வில் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். அதன் 'கேஸ் சிலிண்டர்' (நம் அடுப்பு சிலிண்டர் இல்லை!) துருப்பிடிக்காத எஃகு, பூச்சு ஏறாது, அதையும் ஒதுக்கினார். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய பாகங்களை அதன்பின் வெறுங்கையால் தொடவே இல்லை. விரல் ரேகை பட்டால் அங்கே பூச்சு பிடிக்காதாம்.

கரைசல் கலக்கும் நேரம் வந்தது. உதவிக்குப் பதினைந்து வயதுப் பேரன். கையுறையை நீட்டியவர், கொடுக்காமல் பிடித்துக்கொண்டே கேட்டார்: "எதை எதில் ஊற்றணும்?"

"தண்ணீர் முதலில் தாத்தா. அதில்தான் அமிலம்."

"இன்னொரு தடவை சொல்."

மூன்று தடவை சொல்ல வைத்த பிறகுதான் கையுறை கைமாறியது. நான் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

1987. பிளஸ் டூ செய்முறை வகுப்பு. ஆய்வக உதவியாளர் அன்று விடுப்பு. அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்து வைக்கும்படி இரண்டு பையன்களிடம் சொல்லிவிட்டு, நான் ஆசிரியர் அறைக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை அவர்களுக்குச் சொல்லவில்லை. அமிலத்தில் தண்ணீரை ஊற்றினான் ஒருவன். கொதித்துத் தெறித்தது. மணிக்கட்டிலும் கன்னத்திலும் தீப்புண்.

தலைமையாசிரியர் கேட்டபோது நான் சொன்னது: "பையன் கவனக்குறைவா இருந்துட்டான் சார்." மறுநாள் அவன் அப்பா வந்தார். தோள் துண்டை எடுத்து இடுக்கிக்கொண்டு என் முன்னால் நின்று, "பையன் பண்ணுன தப்புக்கு மன்னிச்சுக்கங்க வாத்தியாரய்யா" என்றார். நான் தலையாட்டினேன். "இனிமே பார்த்து நடந்துக்கச் சொல்லுங்க" என்றும் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பிலேயே அந்த வாக்கியத்தை உங்களையெல்லாம் உரக்கச் சொல்ல வைத்தேன். "சாருக்கு இதே பாட்டு" என்று நீங்கள் சிரித்தது எனக்குத் தெரியும். ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த மாணவர் இந்தப் பக்கத்தில் இருக்கிறார். ஆசிரியர் தினத்துக்குத் தவறாமல் வாழ்த்து போடுவார். பெயர் சொல்ல மாட்டேன். தம்பி, அன்று தப்பு உன்னுடையது அல்ல, என்னுடையது. உன் அப்பாவிடம் சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அடுத்த மாதம் ஊருக்கு வந்ததும் வீடு தேடி வருகிறேன். உன் பிள்ளைகள் முன்னால் இதைச் சொல்ல அனுமதி கொடு.

பாகங்கள் கால் மணி நேரத்தில் சீரான கருஞ்சாம்பல் நிறத்தில் வெளியே வந்தன. வெந்நீரில் அலசி, எண்ணெய் தடவினார்கள். பேரன் ஒன்றை என் கையில் கொடுத்தான். இன்னும் சூடாக இருந்தது.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வேதியியல் ஆசிரியர்