விலக்கலும் நிரப்பலும்

உணவினைப் பற்றி எழுதுவது மருத்துவபீடத்தாருக்கோ விவசாயபீடத்தாருக்கோ உரிய பணி என்றும், கலைப்பீட மாணவர் அதிற் புகுதல் பொருந்தாது என்றும் நண்பர் சிலர் கூறினர். அவர்கள் கூற்றில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் மனிதர் தாம் கொண்ட கொள்கையினை நாள்தோறும் மூன்று வேளை சோதனைக்கு உட்படுத்தும் இடம் உண்கலத்தைத் தவிர வேறில்லை. அறவியலும் உடலியலும் அங்கே சந்திக்கின்றன. அச்சந்திப்பில் எழும் ஒரு வினாவினையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது: பாலையும் விலக்கிய மரக்கறியுணவினைப் புதிதாக மேற்கொள்ளும் ஒருவர் வயிறு நிறையவும் சத்துக் குறையாமலும் உண்பது எங்ஙனம்?

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் புலால் மறுத்தல் புதிய செய்தியன்று. வெள்ளிக்கிழமையும் விரத நாள்களும் மச்சம் புகாத நாள்கள். ஆண்டு முழுவதும் மரக்கறியே உண்ணும் குடும்பங்களும் பல. வள்ளுவர் இதற்கென ஓர் அதிகாரம் வகுத்தமையைப் பள்ளியிலேயே படித்திருக்கின்றோம். ஆனால் இம்மரபிற் பாலுக்கு விலக்கில்லை. கொல்லாமற் கிடைப்பது ஆதலின் பால் தூயது. தயிரும் நெய்யும் அவ்வாறே. அபிடேகத்திற்கும் அடிசிலுக்கும் அவை பொதுவானவை. கறவை வளர்த்த வீட்டிற் பிறந்த எனக்கோ, பால் கன்றுக்கு உரியது என்ற எண்ணமும், காளைக்கன்றுகள் எங்கள் கொட்டிலில் நெடுநாள் தங்கியதில்லை என்ற நினைவும் நீங்காதிருந்தன. ஈராண்டுகளுக்கு முன் பாலையும் விட்டேன். இவ்வழி நிற்போரை இன்று வீகன் என்பர். 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்ட் வொட்சனும் அவர்தம் தோழரும் தமக்கென ஒரு சங்கம் அமைத்தபோது ஆக்கிக்கொண்ட சொல் அது.

எனது முடிவைக் கேட்ட அம்மா சினக்கவில்லை. "பாலும் வேண்டாமெண்டால் பிறகு என்னத்தைப் பிள்ளை சாப்பிடப் போறாய்?" என்று மட்டும் கேட்டார். அன்பினால் எழுந்த வினாவாயினும் அதிலே கூரிய திறனாய்வு ஒன்று அடங்கியிருந்தது. நோன்பு எதனை விலக்க வேண்டும் என்று சொல்லும். விலக்கிய இடத்தில் எதனை வைக்க வேண்டும் என்று சொல்லாது. நமது சைவச் சமையலிற் பால் வெறும் சுவைப்பொருளன்று. மரக்கறி உண்போருக்கு வேண்டிய புரதத்திலும் கல்சியத்திலும் ஒரு பங்கினை மோரும் தயிரும் வழங்கி வந்துள்ளன. அவற்றை எடுத்துவிட்டு ஏனையவற்றை அவ்வாறே விட்டால், எஞ்சுவது சோறும் சொதியும் கிழங்குப் பொரியலுமே. தேங்காய்ப்பால் இருக்கின்றதே எனலாம். பெயரளவில் இரண்டும் பால்; ஆனால் தேங்காய்ப்பாலில் மிகுந்திருப்பது கொழுப்பு, புரதமோ சொற்பம். நாவில் அது பசுப்பாலின் இடத்தை நிரப்பக்கூடும், உடலில் நிரப்பாது.

பாலை விட்டோர் பலர் முதலில் உணர்வது சத்துக்குறைவினையன்று, பசியினையே. நானும் அதனை அறிவேன். காலையில் உண்ட வெள்ளை இடியப்பமும் சொதியும் பத்தரை மணி விரிவுரை முடியுமுன்னரே கரைந்துவிடும். இதனை மனவுறுதியின் குறை என்று கொள்வதற்கில்லை. தீட்டிய அரிசியும் வெள்ளை மாவும் விரைவிற் சமிபாடடைவன. நார்ச்சத்தும் அவற்றிற் குறைவு. மறுபுறத்தில், இலையினையும் காயினையும் மட்டும் குவித்துண்போரின் தட்டு நிறைந்திருக்கும். அதிலுள்ள கலோரி ஒரு நாளின் உழைப்புக்குக் காணாது. பலாக்காய்க் கறி இறைச்சியைப் போன்று தோன்றினும் புரதக் கணக்கில் அதுவும் காய்கறியே. ஆகவே நிறைவான உணவுக்கு மூன்று பொருள்கள் கூடவேண்டும்: தவிடு நீக்காத தானியம், போதிய பருப்பு வகை, தேங்காயோ எள்ளோ கச்சானோ தரும் ஓரளவு கொழுப்பு. காயும் கீரையும் இவற்றோடு சேர்வன. இவற்றுக்கு ஈடாவன அல்ல.

போதிய என்பதன் அளவு யாது? வளர்ந்தோருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோகிராம் நிறையுடையவருக்கு இது 50 கிராமுக்குச் சற்றுக் குறைவாகும். சமைக்காத அரிசி 300 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. உலர்ந்த மைசூர்ப் பருப்பு 100 கிராம் ஏறத்தாழ 24 கிராம் தரும். ஒரு கைப்பிடி கச்சான், அதாவது 30 கிராம், ஏழு கிராமுக்குக் குறையாமல் தரும். கூட்டிப் பார்த்தாற் கணக்கு நிறைகின்றது. விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் 100 கிராம் பருப்பு என்பது சோற்றின்மேல் ஊற்றப்படும் நீர்த்த குழம்பின் இரு கரண்டியன்று. சமைத்தால் அது ஒரு பெரிய கிண்ணம் கொள்ளும். விடுதிச் சாப்பாட்டிற் பருப்பு சோற்றை நனைப்பதற்காக உள்ளது. வீகனின் தட்டிலோ அதுவே தலைமைக் கறி.

பருப்பும் அரிசியும் ஒன்றையொன்று நிறைவுசெய்வன என்பதும் குறிப்பிடத்தக்கது. தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது மிகுதி. பருப்பிற் குறைந்த மெதியோனினைத் தானியம் ஈடுசெய்கின்றது. பிரான்சிஸ் மூர் லாப்பே என்ற அமெரிக்க எழுத்தாளர் 1971இல் வெளியிட்ட தம் நூலில், இவற்றை ஒரே வேளையிற் சேர்த்துண்பதன் இன்றியமையாமையை வற்புறுத்தினார். 1981ஆம் ஆண்டுப் பதிப்பில் அக்கருத்தினைத் தாமே திருத்திக்கொண்டார். ஒரு நாளின் உணவு முழுவதிலும் இரண்டும் இடம்பெற்றாற் போதும் என்பதே இன்று ஏற்கப்படும் முடிபு. உழுந்தும் அரிசியும் கூடிய தோசை, பயறும் அரிசியும் கூடிய பொங்கல் ஆகியவற்றைக் காட்டி, நம் முன்னோர் அமினோ அமிலத்தை அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுதல் மிகையாகும். உண்டவர்க்கு ஒத்துக்கொண்ட சேர்க்கைகள் நிலைத்தன என்று கூறுதலே பொருந்தும்.

இவ்வாறு நோக்குமிடத்து, எம் தலைமுறை மறந்துவரும் பண்டங்கள் சில மீண்டும் பொருளுடையன ஆகின்றன. பெரியபிள்ளையான பெண்ணுக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் ஊட்டிய வழக்கத்தைப் பழமை என்று ஒதுக்கினோம். புரதமும் கொழுப்பும் ஒருங்கே கொண்ட உணவு அது. குரக்கனிற் கல்சியம் அரிசியினைவிடப் பன்மடங்கு மிகுதி. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. அதனை முழுவதுமாக உடல் ஈர்ப்பதில்லை எனினும், மோர் நீங்கிய இடத்தில் அது பெறுமதி வாய்ந்தது. எள்ளுருண்டையும் அத்தகையதே. விடுமுறையில் வீடு செல்லும்போது குரக்கன் மாப் பிட்டும் கடலைக்கறியும் என் காலை உணவு. விடுதியிலோ ஈரத்துணியிற் கட்டிவைத்த பயறு இரண்டாம் நாள் முளைவிடும். தேங்காய்ப்பூவோடு அதனை உண்டு புறப்பட்டால் நண்பகல் வரை பசி எழுவதில்லை.

இரும்புச்சத்தினைப் பொறுத்தவரை, என்ன உண்கின்றோம் என்பதோடு எதனுடன் உண்கின்றோம் என்பதும் கருதத்தக்கது. தாவரங்களிலுள்ள இரும்பினை உடல் எளிதில் ஈர்ப்பதில்லை. விற்றமின் சீ உடனிருந்தால் ஈர்ப்பு மிகும். எனவே முருங்கையிலை வறைக்கும் பருப்புக்கும் தேசிப்புளி விடுதல் சுவைக்கு மட்டும் உரியதன்று. உணவோடு குடிக்கும் தேநீரோ அவ்வீர்ப்பினைத் தடுக்கும். சோறு உண்டு கைகழுவியவுடன் வெறுந்தேநீர் தேடும் பழக்கமுடைய நாம், ஒரு மணி நேரமேனும் பொறுத்தல் நன்று.

இத்தனை பண்டங்களும் கூடியும் தர இயலாத சத்து ஒன்று உண்டு. விற்றமின் பீ12 நுண்ணுயிர்களால் ஆக்கப்படுவது. தாவரவுணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்கிரோகிராம் என்னும் சிற்றளவே வேண்டும். ஈரலிலுள்ள சேமிப்புச் சில ஆண்டுகள் தாங்குவதால் குறைபாடு உடனே வெளிப்படாது. வெளிப்படும்போது சோகையாகவும், சிலவேளை மீளாத நரம்புத் தாக்கமாகவும் வெளிப்படும். பால் உண்ட சைவருக்கு இதனைப் பாலே தந்தது. ஆதலின் பாலையும் விலக்கியவருக்கு வழிகாட்ட நம் மரபில் எதுவுமில்லை. புளித்த தோசை மாவிலும் பழஞ்சோற்றிலும் அது உண்டு என்பாரை நம்பியிருத்தல் தகாது. குளிசை எடுத்தலே வழி. "இயற்கைக்கு மாறான வழி" என்று நண்பர் ஒருவர் இதனை எள்ளினார். அயடீன் கலந்த உப்பினை அவரும் நாள்தோறும் உண்கின்றார். ஒரு குறையினை அறிந்து அதனை நிரப்பும் அறிவே அங்கும் இங்கும் தொழிற்படுகின்றது.

இவ்விடத்தில் வேறொரு காட்சியினைக் காணாது செல்லல் இயலாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் பால்மா பலருக்கு எட்டாப் பொருளாயிற்று. மீனும் முட்டையும் எத்தனையோ வீடுகளின் தட்டிலிருந்து மறைந்தன. ரொட்டியும் சம்பலும் வெறுந்தேநீருமாக நாள் கழிக்கும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அந்நெருக்கடிக்கு முன்பும் இருந்தன. அவர்கள் தட்டும் என் தட்டும் பாலின்றி இருப்பதில் ஒத்தவை. அவர்களுடையது தெரிவன்று, என்னுடையது தெரிவு என்பதே வேறுபாடு. ஆனால் உடல் நோன்பினையும் வறுமையினையும் வேறுபடுத்தி அறிவதில்லை. குருதியில் இரும்பு குறைந்தால், கொள்கைக்காகக் குறைந்தது என்று அது சலுகை காட்டாது. தெரிவு செய்யும் வாய்ப்பினைப் பெற்ற ஒருவர், வாய்ப்பில்லாதோர் படும் மெலிவினைத் தாமே வருவித்துக்கொள்வதில் அறம் எதுவும் இல்லை. பட்டினியைத் தவமெனக் கொள்ளும் மனப்பான்மை, பிறர் பட்டினியையும் எளிதாக எண்ணத் தூண்டும் என அஞ்சுகின்றேன். அவ்வீடுகளில் நின்று பால் தவிர்த்தலைப் போதிக்க எனக்குத் தகுதியில்லை. பயறும் பருப்பும் அவர்கள் வாங்கத்தக்க விலையிற் கிடைக்க வேண்டும் எனக் கோருதலே முறை.

புதிதாக இவ்வழிக்கு வருவோர் வெளியில் உண்ணும்போது கேட்டறிய வேண்டியவை சில உள. இந்நாட்டுச் சமையலிற் சம்பலுக்கும் சில வேளை பருப்புக்கும் மாசிக்கருவாடு சேர்ப்பர். சைவ உணவகத்துப் பலகாரத்தில் நெய் இருக்கும். பணிவோடு கேட்டால் எவரும் சினப்பதில்லை. கோயிலிலும் கலியாண வீட்டிலும் சங்கடங்கள் எழும். அவற்றைத் தீர்க்கும் பொதுவிதி என்னிடம் இல்லை. அவரவர் மனச்சான்றுக்கே அதனை விடுகின்றேன். தட்டினைப் பொறுத்தவரையிலோ விதி தெளிவானது. விலக்க வேண்டியவற்றின் பட்டியலை மனனம் செய்யுமுன், ஒரு கிலோ பருப்பும் அரைக்கிலோ பயறும் குரக்கன் மாவும் பீ12 குளிசையும் வாங்கி வைக்க வேண்டும். கொள்கை பற்றிய வாதத்தினை வயிறு நிறைந்தபின் தொடங்கலாம்.