அளந்து பார்த்து வாங்கு, தம்பி

ஓஸ்லோ, நார்வே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. புதுச்சேரியில் ஒருவர் 2021-இல் பதிவு செய்த டாட்டா நெக்ஸான் மின்சாரக் காரை விற்கிறார், இடையில் புரோக்கர் இல்லை, அவரிடமே நேரில் பேசுகிறாய் என்று எழுதியிருந்தாய். பெயின்ட் நன்றாக இருக்கிறது. சீட்டு கிழியவில்லை. ஓடிய கிலோமீட்டரும் அதிகமில்லை. ஆனால் பேட்டரியைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அதனால்தான் இந்த மடல் நீள்கிறது. நம் திருவண்ணாமலையில் உன்னைப் போலப் பழைய மின்சாரக் கார் தேடுகிற மற்றவர்களுக்கும் இது பயன்படட்டும்.

பெட்ரோல் கார் பார்க்கப் போனால் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவோம். அவர் பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்பார், ஆயிலைத் தொட்டுப் பார்ப்பார், சைலன்சரிலிருந்து வரும் புகையின் நிறத்தைக் கவனிப்பார். பத்து நிமிடத்தில் வண்டியின் நிலை அவருக்குத் தெரிந்துவிடும். மின்சாரக் காரில் கேட்கச் சத்தமும் இல்லை, பார்க்கப் புகையும் இல்லை. பாதி உயிர் போன பேட்டரியுள்ள வண்டியும் புது வண்டியைப் போலவே சத்தமில்லாமல் கிளம்பும். அந்தக் காரின் விலையில் பெரும்பங்கு தரைக்கு அடியில் பூட்டிக் கிடக்கும் அந்தப் பேட்டரிக்குத்தான். அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அளந்துதான் அறிய முடியும்.

நான் இருக்கும் நாட்டில் 2024-இல் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார்கள். பெங்களூரில் சேத்தன் மைனி உருவாக்கி 2001-இல் விற்பனைக்கு வந்த ரேவா, பிற்பாடு இந்த ஊர்த் தெருக்களிலும் ஓடியது. இங்கே பழைய மின்சாரக் கார் வாங்குவது அன்றாடக் காரியம். ஆனாலும் யாரும் பேட்டரிச் சோதனை இல்லாமல் பெரிய தொகையை நீட்டுவதில்லை. வாகன ஓட்டிகள் சங்கமே சோதனை நிலையங்களில் பேட்டரியைப் பார்த்து அறிக்கை தருகிறது.

இங்கிருந்து நான் கற்ற ஒன்றை முதலில் சொல்கிறேன். பனிக்காலத்தில் இங்கே எல்லா மின்சாரக் கார்களும் குறைந்த தூரமே ஓடுகின்றன. வசந்தம் வந்ததும் அந்தத் தூரம் திரும்ப வந்துவிடுகிறது. குளிர் எடுப்பது கடன். வெயில் எடுப்பதோ திரும்பாது. சூட்டில் பேட்டரிக்குள் நடக்கும் வேதி மாற்றம் அதன் கொள்ளளவை நிரந்தரமாகத் தின்றுவிடும். நிசான் லீஃப் கார் இதற்குச் சரியான சாட்சி. அதன் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் அந்தக் கார்கள் ஓரிரு ஆண்டுகளிலேயே கொள்ளளவை இழந்தன. 2012-இல் உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள், அதன் பிறகுதான் நிசான் பேட்டரிக் கொள்ளளவுக்கும் வாரண்டி கொடுத்தது. இதே மாடல் கார்கள் நார்வேயில் நீண்ட நாள் நன்றாக ஓடின. காரும் பேட்டரியும் ஒன்றுதான், ஊரின் சூடுதான் வேறு.

அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர்ப் பாறையும் தார்ச்சாலையும் எப்படிக் கொதிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெக்ஸானின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இருக்கிறது, அதுவரை நல்லது. ஆனாலும் விற்பவரிடம் முதல் கேள்வியாக இதைக் கேள்: வண்டி பகலில் எங்கே நின்றது? போர்ட்டிகோ நிழலிலா, வெட்டவெளியிலா? தினமும் 100 சதவீதம் ஏற்றி வெயிலில் விட்டாரா? வீட்டில் மெதுவாகச் சார்ஜ் செய்தாரா, எந்நேரமும் ஃபாஸ்ட் சார்ஜரா? நல்ல மனிதர் இதற்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்வார். மீட்டரில் தெரியும் மீதித் தூரத்தை மட்டும் நம்பிவிடாதே. அந்த எண் கடைசியாக வண்டியை ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் கணக்கு. ஏசி இல்லாமல் நாற்பதில் உருட்டிக்கொண்டு வந்தால் அது தானாக உயரும். லீஃப் கார்களில் பேட்டரியைக் கண்காணிக்கும் கணினியை அழித்து மறுபடி தொடங்கவைத்து, தேய்ந்த பேட்டரியை முழுசாகக் காட்டி விற்றவர்கள் உண்டு.

எப்படி அளப்பது? முந்தைய நாள் இரவே மெதுவான சார்ஜரில் 100 சதவீதம் ஏற்றி வைக்கச் சொல். நெக்ஸானின் முதல் மாடல் 30.2 கிலோவாட் மணி பேட்டரி கொண்டது. வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் காலியிலிருந்து நிரம்ப ஒன்பது மணி நேரத்தை ஒட்டி ஆகும், அதனால் இதை முன்கூட்டியே சொல்லிவிடு. மறுநாள் காலை டிரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, ஏசி போட்டு, சாதாரண வேகத்தில் திண்டிவனம் வரை போய்த் திரும்பு. போக வர 80 கிலோமீட்டரை ஒட்டி வரும். திரும்பியதும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்: ஓடிய தூரம், கிலோமீட்டருக்கு எத்தனை வாட் மணி செலவானது, எத்தனை சதவீதம் இறங்கியது.

கணக்கு எளிது. 80 கிலோமீட்டர் ஓடி, கிலோமீட்டருக்கு 140 வாட் மணி செலவு என்று மீட்டர் காட்டினால் மொத்தம் 11.2 கிலோவாட் மணி செலவாகியிருக்கிறது. அதற்கு 40 சதவீதம் இறங்கியிருந்தால் முழுப் பேட்டரியில் 28 நிற்கிறது, அதாவது புதிதில் இருந்ததில் 93 சதவீதம். தைரியமாக மேலே பேசலாம். அதே தூரத்துக்கு 48 சதவீதம் இறங்கியிருந்தால் நிற்பது 23.3 மட்டும், 77 சதவீதம். அந்த வண்டியை வாங்குவதானால் விலையை வெகுவாகக் குறைத்துப் பேச வேண்டும், அல்லது கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். இது துல்லியமான ஆய்வுக்கூடக் கணக்கு இல்லை. ஆனால் நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் காட்ட இது போதும்.

ஓட்டும்போது சதவீதம் எப்படி இறங்குகிறது என்பதையும் கவனி. ஒன்றொன்றாக இறங்கினால் சரி. திடீரென்று நாலைந்து படி குதித்தால் உள்ளே ஏதோ ஒரு செல் பலவீனமாக இருக்கலாம். டாட்டாவின் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைப் பேட்டரியில் மின்னழுத்தம் நெடுநேரம் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதால், சார்ஜ் அளவைக் கணிப்பது கணினிக்கே சிரமம். அவ்வப்போது 100 வரை மெதுவாக ஏற்றினால்தான் அது கணக்கைத் திருத்திக்கொள்ளும். அதனாலேயே முந்தின இரவு முழுசாக ஏற்றச் சொன்னேன். ஓ.பி.டி. என்ற சிறு கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள போர்ட்டில் செருகி, போனில் செல்களின் மின்னழுத்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள் கிடைத்தால் கூட்டிப் போ. இதைவிடச் சிறந்தது, விற்பவரையும் அழைத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போவது. பேட்டரி ஆரோக்கியம், சர்வீஸ் வரலாறு, நிலுவையில் உள்ள திரும்ப அழைப்புகள் மூன்றையும் எழுத்தில் கேள். 2020 டிசம்பரில் ஹூண்டாய் நம் நாட்டில் விற்ற கோனா மின்சாரக் கார்களில் 456-ஐ பேட்டரிச் சோதனைக்காகத் திரும்ப அழைத்தது. அப்படிப்பட்ட வேலை முடிந்ததா என்பது சர்வீஸ் சென்டரின் பதிவில்தான் இருக்கும்.

அங்கேயே வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார். வேகத்தடையிலோ கல்லிலோ மோதிப் பேட்டரிப் பெட்டி நசுங்கியிருந்தால் அந்த வண்டி வேண்டவே வேண்டாம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரி மூழ்கியதும், நம் அண்ணாமலையார் மலையில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் உயிர்கள் போனதும் மறக்கக்கூடியதா? அந்த வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று நீ பார்த்தே ஆக வேண்டும். சீட்டு பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார், சேறு படிந்த கோடு இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பார். சீட்டு நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பார். பேட்டரிப் பெட்டி ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் தரம் கொண்டதாக இருக்கலாம், ஆனால் வயர் இணைப்புகளும் கணினிகளும் இரவெல்லாம் தண்ணீரில் நிற்கச் செய்தவை அல்ல.

ஏசியை அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட விடு. பேட்டரியைக் குளிர்விக்கும் பாதையும் அதே கம்ப்ரஸரை நம்பியிருப்பதால், ஏசி பலவீனம் உடம்புச் சௌகரியத்தோடு நிற்கும் விஷயம் இல்லை. டயரைப் பார், எடையும் முதல் இழுப்பும் அதிகம் என்பதால் மின்சாரக் காரில் டயர் சீக்கிரம் தேயும். பிரேக் டிஸ்க்கில் துரு பார். மோட்டாரே வண்டியை மெதுவாக்குவதால் பிரேக் குறைவாகப் பயன்பட்டுத் துருப்பிடிக்கும். 12 வோல்ட் சின்ன பேட்டரியை மாற்றி எவ்வளவு நாளாயிற்று என்று கேள். அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி கிளம்பாது. வழியில் ஒரு ஃபாஸ்ட் சார்ஜரில் பத்து நிமிடம் செருகி, பிளக் பூட்டிக்கொண்டு மின்சாரம் ஏறுகிறதா என்று பார். வண்டியோடு வந்த சார்ஜர் கேபிளும் இரண்டு சாவியும் கையில் வந்தாக வேண்டும். செல்போன் ஆப்பில் பழைய உரிமையாளரின் கணக்கை உன் கண் முன்னே நீக்கச் சொல். இல்லாவிட்டால் நீ எங்கே போகிறாய் என்று அவர் போனில் தெரிந்துகொண்டே இருக்கும்.

இனி காகிதம். பச்சை நம்பர் பிளேட்டில் எழுத்து வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் வாடகைக்கு ஓடிய வண்டி. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் மோட்டார் எண்ணையும் வண்டியோடு ஒப்பிடு. பரிவாகன் தளத்தில் அபராதம், இன்சூரன்ஸ், வங்கிக் கடன் மூன்றையும் பார். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாக் கடிதமும் படிவம் 35-உம் இல்லாமல் பணம் கொடுக்காதே. புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். எனவே படிவம் 28-இல் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, 29, 30 படிவங்களோடு நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்ற வேண்டும். சாலை வரி எவ்வளவு வரும் என்பதை அங்கேயே முன்கூட்டி விசாரித்துக்கொள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உன் பெயருக்கு மாற்று. விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், உனக்கு வராது. தனி மனிதர் தனி மனிதருக்கு விற்பதால் ஜி.எஸ்.டி. இல்லை என்பது உனக்கு லாபம்.

வாரண்டியில் கண்ணாக இரு. இந்த நெக்ஸானுக்குப் பேட்டரி வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலோ அது. உன் பெயருக்கு மாறிய பிறகும் அது நிற்குமா என்று சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்கு. இப்போது சில புதிய மாடல்களில் ஆயுள்கால வாரண்டி என்கிறார்கள். அது முதல் உரிமையாளருக்கு மட்டுமே. எம்.ஜி. வின்ட்ஸர் போன்ற வண்டிகளில் பேட்டரியைத் தனிக் கணக்கில், ஓடும் கிலோமீட்டருக்குப் பணம் கட்டும் முறையில் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியைப் பின்னால் யாராவது பார்த்தால், பேட்டரிக் கணக்கு முடிந்ததற்கான சான்று இல்லாமல் தொடவே கூடாது.

வாங்கும் முன் நம் வீட்டையும் சோதித்துவிடு. எர்த் சரியில்லாத பிளக்கில் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். மலையடிவாரத்தில் பாறை நிலம். கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். நல்ல எலக்ட்ரீசியனைக் கொண்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் பார்க்கச் சொல், தேவைப்பட்டால் புதுக் குழி போடு. வண்டிக்கென்று தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும். நிழலுக்கு ஒரு ஷெட் போட்டுவிடு, அதுவே பேட்டரிக்கு நீ செய்யும் பெரிய உபகாரம்.

இவ்வளவையும் வாங்குபவர் தலையில் சுமத்துவது நியாயம் இல்லை என்றும் சொல்வேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் மின்சாரக் கார் பேட்டரிகளுக்கு அதன் வரலாற்றைச் சொல்லும் மின்னணுப் பாஸ்போர்ட் கட்டாயமாகிறது. நம் நாட்டிலும் பேட்டரி ஆரோக்கியச் சான்று ஆர்.சி.யோடு சேர்ந்து வர வேண்டும். பெயர் மாற்றும்போது அதைக் கேட்கும் அதிகாரம் போக்குவரத்துத் துறையிடம் இருக்க வேண்டும். கார் கம்பெனிகள், யார் கேட்டாலும் அந்தச் சான்றை நியாயமான கட்டணத்தில் தர வேண்டும். சம்பாதித்துச் சேர்த்த பணத்தில் இரண்டாம் கையாகக் கார் வாங்கும் குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. இதை நாம்தான் உரக்கக் கேட்க வேண்டும்.

அந்த நாள் வரும்வரை உனக்கு என் சொல் இதுதான். ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டு போ. 80 கிலோமீட்டர் ஓட்டி, கணக்குப் போட்டு, சர்வீஸ் சென்டர் அறிக்கையைக் கையில் வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடு. நேர்மையாக விற்பவர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். அளக்க விடாதவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதே.

அன்புடன்,
அக்கா