பல்வலிக்கு நான் போட்ட ஊசி

கொஞ்சம் நீளமான த்ரெட் இது. பொறுமையா படிங்க. என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னாடி, ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு திங்கட்கிழமை ஓபி. வரிசை வாசலைத் தாண்டி நிக்குது. நாற்பது சொச்சம் வயசுல ஒரு கொத்தனார், கன்னத்தைக் கையால தாங்கிப் பிடிச்சபடி வந்தார்.

"கடவாப் பல்லு சார். மூணு நாளா தூக்கம் இல்ல. ஒரு ஊசி போட்டு விடுங்க, வேலை பாதியில நிக்குது."

டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கீழ்வரிசையில பின்பக்கம் பெரிய சொத்தை. டைக்ளோபினாக் ஊசி ஒண்ணு, அஞ்சு நாளைக்கு அமாக்சிசிலின். "பல் டாக்டரைப் பாருங்கண்ணே"ன்னு சொன்னேன். எங்கே, என்னைக்குப் போகணும்னு சீட்டில் எழுதிக் கொடுக்கலை. சுகர் பார்க்கலை. மொத்தம் ரெண்டு நிமிஷம்.

பதினோரு நாள் கழிச்சு, ராத்திரி டூட்டியில அதே மனுஷர். இந்த முறை மனைவி தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தார். தாடைக்குக் கீழே ரெண்டு பக்கமும் கழுத்து வீங்கி, கட்டை மாதிரி கெட்டியா இருக்கு. நாக்கு மேல தூக்கி நிக்குது. எச்சில் முழுங்க முடியாம வழியுது. சூடான கிழங்கை வாயில் வெச்சுக்கிட்டு பேசுற மாதிரி குரல். படுக்கச் சொன்னா மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துடுறார். சர்க்கரை 380. அவருக்கு சுகர் இருக்கிறதே அன்னைக்குத்தான் தெரியும்.

இதுக்குப் பேர் லுட்விக் ஆஞ்சைனா. 1836-ல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரிச்சது. கீழ்த்தாடையின் ரெண்டாவது, மூணாவது கடவாய்ப் பற்களின் வேர், வாயின் தரையா இருக்கிற தசைக்கும் கீழே வரை இறங்கும். அங்கே சீழ் உடைஞ்சா நேரா கழுத்துக்குள்ள பரவும். நாக்கைத் தள்ளி மூச்சுக்குழாயை அடைக்கும். ஆன்டிபயாடிக் வர்றதுக்கு முன்னாடி இது வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல இறந்திருக்காங்க.

உட்கார வெச்சபடியே ஆக்சிஜன், மருந்து எல்லாம் ஆரம்பிச்சு 108-ல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். நானும் கூடவே போனேன். வழி நெடுக அவர் நெஞ்சு ஏறி இறங்குறதை மட்டும் பார்த்துக்கிட்டே இருந்தேன். அங்கே கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு வழி செய்தார்கள். சீழை வெளியேற்றி, பல்லைப் பிடுங்கினார்கள். ஒன்பது நாள் ஐசியூ. பிழைச்சார்.

அவர் மனைவி சொன்ன ஒரு வார்த்தை இன்னும் காதுல இருக்கு. "நீங்க போட்ட ஊசில ரெண்டே நாள்ல வலி நின்னுடுச்சு சார். அதான் பல் ஆஸ்பத்திரிக்குப் போகல."

வலி ஏன் நின்னுச்சு? கொஞ்சம் கவனமா கேளுங்க, இந்த த்ரெட்டே இதுக்காகத்தான்.

பல்லுக்குள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கிற மெல்லிய கூழ் ஒண்ணு இருக்கு. சொத்தை அதைத் தொட்டதும் கூழ் வீங்கும். சுத்தி இருக்கிறதோ கடினமான சுவர். வீங்க இடம் இல்ல. அதனாலதான் அந்த உயிர் போற வலி. ரெண்டு மூணு நாள்ல ரத்த ஓட்டம் நின்னு கூழ் செத்துடலாம். நரம்பும் செத்துப் போகும். வலி நிக்கும்! நாம "மாத்திரை கேட்டுச்சு"ன்னு நினைச்சுக்குவோம். கிருமி அப்புறம் சத்தமில்லாம வேரின் நுனி வழியா எலும்புக்குள்ள இறங்கும்.

செத்த கூழுக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடத்துக்கு ஆன்டிபயாடிக் மட்டும் எப்படிப் போகும்? வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வெறும் பல்வலிக்கு பெனிசிலின் கொடுத்து சோதிச்சப்போ, சும்மா மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் அவங்களுக்கும் வலியில வித்தியாசம் இல்ல. ஆய்வு சின்னதுதான், ஆனா அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையேதான் சொல்லுது: பல்லைச் சரி செய்யுங்க, இதுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாம இருந்தா நிச்சயம் ஆன்டிபயாடிக் வேணும். அப்பவும் சீழை வெளியேத்தாம மாத்திரை மட்டும் போதாது.

வலிக்கு என்ன பண்றது? பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் சேர்ந்து பல்வலிக்கு நல்லாவே கேட்கும். ஆனா கிட்னி பிரச்சனை, அல்சர், கர்ப்பம் இருந்தா இபுப்ரோஃபென் வேண்டாம், டாக்டரைக் கேட்காம எடுக்காதீங்க. புகையிலையைச் சொத்தையில அடக்கி வைக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம். பல்வலிக்குன்னு ஆரம்பிச்சு வாய்ப்புற்றுநோயோட வந்து உட்கார்ந்தவங்களை ஓபியில பார்த்திருக்கேன்.

அடுத்து சுகர். சுகர் இருந்தா ஈறு கெடும்னு எல்லாருக்கும் தெரியும். ஈறு கெட்டா சுகரும் ஏறும். ஈறு நோய் இருக்கிற சுகர் நோயாளிகளுக்கு வேர் வரை சுத்தம் செஞ்சா என்ன ஆகும்னு 35 ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் காக்ரேன் ஒரு அறிக்கை போட்டாங்க. மூணு நாலு மாசத்துல ஹெச்பிஏ1சி சராசரியா 0.43 சதவீதப் புள்ளி குறைஞ்சிருக்கு. பல் சுத்தம் செஞ்சதுக்கு இது சின்ன விஷயம் இல்லீங்க.

"க்ளீன் பண்ணினா பல் ஆடுமாமே டாக்டர்?" தினம் வர்ற கேள்வி. பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பை ஈறு நோய் ஏற்கெனவே கரைச்சிருக்கும். காரை அதை மறைச்சுக்கிட்டு இருந்திருக்கும். எடுத்ததும் வெளியே தெரியுது, அவ்வளவுதான். அதே நேரம் ஒரு உண்மையும் சொல்லணும். ஈறு நல்லா இருந்து, ஒழுங்கா செக்கப் போறவங்க ஆறு மாசத்துக்கு ஒருமுறை கட்டாயம் க்ளீன் பண்ணித்தான் ஆகணும்னு ஆதாரம் இல்ல. 2018 காக்ரேன் அறிக்கையில பெரிய வித்தியாசம் தெரியலை. பல் டாக்டர் நண்பர்கள் சண்டைக்கு வராதீங்க!

கர்ப்பிணிகள் பல்லுல கை வைக்கக் கூடாதுன்னு மாமியார் சொல்வாங்க. 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வுல 823 கர்ப்பிணிகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. கர்ப்ப காலத்துல ஈறு சிகிச்சை பாதுகாப்பானதுன்னு தெரிஞ்சுது. குறைப்பிரசவத்தைத் தடுக்கும்னு எதிர்பார்த்தது மட்டும் நடக்கலை. மாரடைப்பும் அப்படித்தான். ஈறு நோய் உள்ளவங்களுக்கு அது அதிகம் வருது, ஆனா ஈறுக்கு வைத்தியம் பார்த்தா மாரடைப்பு வராதுன்னு இன்னும் யாரும் நிரூபிக்கலை.

இப்ப என் டேபிள்ல பல்வலின்னு யார் வந்தாலும் மூணு கேள்வி கேட்கிறேன். வீக்கம் இருக்கா, வாய் திறக்குதா, முழுங்க முடியுதா. அப்புறம் விரல்ல ஒரு குத்து, சுகர். பல் பிரிவு இருக்கிற பக்கத்து அரசு மருத்துவமனை எது, எந்த நேரம்னு சீட்டுல எழுதிடுறேன்.

போன மாசம் அந்தக் கொத்தனார் அண்ணன் மனைவியோட வந்தார். கழுத்துல தழும்பு, சட்டைக் காலர் மறைக்கலை. சுகர் மாத்திரை வாங்கிக்கிட்டு, எழுந்திருக்கும்போது சொன்னார்:

"இவளுக்குப் பல்லு வலிக்குதாம் சார். ஊசியெல்லாம் வேணாம். அந்தச் சீட்டை மட்டும் எழுதிக் குடுங்க."